கிராஸ் பீஸும் ‘பயஸ்’ என்ற சொல்லும்

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்கு, ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் வீட்டிலிருந்தே படித்தேன். முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் கழியும். ‘பயஸ்’ (bias) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓரவஞ்சனை என்று என் நோட்டில் ஒரே வரிதான் இருந்தது. ஒரு மாதிரித் தேர்வில் துணியை ‘பயஸில்’ வெட்டுவதைப் பற்றிப் பத்தி ஒன்று வந்தது. துணிக்கு எங்கே ஓரவஞ்சனை? குழம்பிப்போய் மூன்று கேள்விகளை விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் தையல் மெஷினில் இருந்த சின்னம்மாவிடம் அந்தப் பத்தியைத் தமிழில் சொன்னேன்.

“சாய்ச்சு வெட்டுறதா? நம்ம கிராஸ் பீஸுத்தா அது. நேரா வெட்டுன பட்டி கழுத்து வளைவுல சுருக்கம் விழும். சாய்ச்சு வெட்டுனது இழுத்த இழுப்புக்கு வரும்.”

அதேதான். இழை ஓடும் திசைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டிய துணி நெகிழ்ந்து கொடுக்கும். அந்தச் சாய்வுக்குத்தான் ‘பயஸ்’ என்று பெயர். சாய்வு என்று பொருள்படும் ‘பியே’ என்ற பிரெஞ்சுச் சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘போல்ஸ்’ என்று புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டு ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அந்தப் பந்து இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. நேராக உருட்டிவிட்டாலும் வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளைந்துவிடும். அதற்கும் ‘பயஸ்’ என்றே பெயர். மனத்தின் சாய்வுக்கு இந்தச் சொல் வந்த வழி இதுதான். உருட்டிய கை நேராகத்தான் இருக்கிறது, கோணல் பந்துக்குள்ளேயே இருக்கிறது என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு நோட்டில் இருந்த சொற்பட்டியலைக் கிழித்துவிட்டு வேரைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். மனச்சாய்வைக் குறிக்கும் ‘இன்க்ளினேஷன்’ என்பதில் சாய்தல் என்னும் லத்தீன் வேர் இருக்கிறது; கச்சான் காற்றுக்குச் சாய்ந்தே வளர்ந்த தென்னையை நினைத்துக்கொண்டேன். ‘ரிக்ளைன்’ (சாய்ந்துகொள்வது), ‘டிக்ளைன்’ (சரிவது) இரண்டும் கூடவே வந்துவிட்டன. ஒன்றை நோக்கிப் போகும் மனப்போக்கைச் சொல்லும் ‘ப்ரொக்ளிவிட்டி’க்குள் இருப்பது மேட்டுச் சரிவு. கிட்டத்தட்ட அதே பொருள் தரும் ‘ப்ரொபென்சிட்டி’, ‘பென்சன்ட்’ இரண்டுக்கும் வேர் தொங்குவது; மீன் நிறுக்கும் தராசில் தாழ்ந்த தட்டு போதும், மறக்காது.

பொருள் ஒன்றுபோல் தெரிந்தாலும் கோடிட்ட இடத்தில் மாற்றிப் போட முடியாது. விருப்பம், ரசனை என்றால் ‘பென்சன்ட்’; அதன் பின்னால் ‘ஃபார்’ வரும். ‘ப்ரொக்ளிவிட்டி’ பெரும்பாலும் கெட்ட பழக்கத்தின் பக்கம் போகும். தீர்ப்பு, நியாயம் பேசும் வாக்கியத்தில் ‘பயஸ்’. எதிர்ச்சொல் கேட்டால் ‘இம்பார்ஷியாலிட்டி’, அதாவது நடுநிலை. ஒருவருக்கு எதிரான சாய்வு என்றால் பின்னால் ‘அகெயின்ஸ்ட்’ இருக்கும். விடைகளைப் பார்ப்பதற்கு முன்னால் ‘ஃபார்’, ‘அகெயின்ஸ்ட்’ மாதிரியான அந்தச் சின்னச் சொல்லைத்தான் இப்போது முதலில் தேடுகிறேன்.