பழைய கிரெடிட்டுகளைக் கொண்டுசெல்லும் வழி

அப்பாவின் உடல்நிலை காரணமாக இரண்டாம் ஆண்டோடு நின்றுபோன இயற்பியல் இளநிலைப் படிப்பை மீண்டும் தொடரப்போகிறேன் என்றதும், பலரும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். தேர்ச்சி பெற்ற தாள்களுக்கான கிரெடிட்டுகளை, அதாவது படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளிகளை, சேமித்துவைத்து வேறு கல்வி நிறுவனத்துக்கு மாற்ற உதவும் இணையவழி ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் என்னைப் போல வெகுகாலம் முன்பே படிப்பை விட்டவர்களுக்கு அது உதவாது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் வெளியிட்ட ஒழுங்குமுறைகளின்படி, 2021-22 கல்வியாண்டு முதல் படித்த பாடங்களுக்கே அந்த வங்கியில் இடமுண்டு. அவையும் பொதுவாக அதிகபட்சம் ஏழு ஆண்டுகளுக்கே செல்லும். மாணவர் கையில் வைத்திருக்கும் மதிப்பெண் சான்றிதழை வங்கி நேரடியாக ஏற்பதில்லை, படித்த நிறுவனம்தான் பதிவேற்ற வேண்டும்.

அதற்கு முன்பு படித்தவர்களுக்கு மிஞ்சியிருப்பது, சேரவிருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் இணைத்தன்மை, அதாவது அங்குள்ள தாளுக்கு இது சமம் என்ற ஏற்பு, கேட்டு விண்ணப்பிக்கும் பழைய வழிதான். இங்கே கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் காட்டினால் போதாது. வகுப்பறைப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது பொதுவாக 15 மணி நேரக் கற்பித்தல். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ, மாணவர் தாமே படிப்பதையும் சேர்த்து அது 30 மணி நேரம். ஆகவே ஒப்பிடுபவர்கள் பாடத்திட்டத்தின் அலகுகளைத்தான் பார்க்கிறார்கள்.

என் தாள்களில் பகுதி ஒன்று தமிழும் பகுதி இரண்டு ஆங்கிலமும் கேள்வியின்றி ஏற்கப்பட்டன. சிக்கியது துணைப்பாடமான வேதியியல். தலைப்பு ஒன்றாகவே இருந்தும், ஐந்து அலகுகளில் இரண்டு வேறாக இருந்ததால், நான் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையிட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். பழைய கல்லூரியிலோ, பாடத்திட்டம் அதன்பின் மாறிவிட்டதால், நடப்புப் பிரதியைத்தான் நீட்டினார்கள். துறை நூலகத்தின் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடிய பிறகே உரிய பிரதி கிடைத்தது. பாதியில் நின்றவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டோ கைக்குழந்தையோடோ வருகிறவர்கள் என்பதால், ஒவ்வொரு ஆண்டின் பாடத்திட்டத்தையும் அழிக்காமல் இணையதளத்திலேயே வைத்திருப்பது பல்கலைக்கழகங்களின் கடமை என்று உறுதியாக நினைக்கிறேன்.

அரியர் வைத்த தாளுக்குக் கிரெடிட் கிடையாது. அதன் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை மட்டும் தனியாகக் கொண்டுவரவும் முடியாது.

இவ்வழியில் போகிறவர்கள், படிப்பை விட்ட ஆண்டின் பாடத்திட்டம், எல்லா செமஸ்டர் மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் திரட்டிக்கொள்ளுங்கள். கட்டணம் செலுத்துமுன், எந்தத் தாள்கள் ஏற்கப்பட்டன, எவற்றை மீண்டும் எழுத வேண்டும், எந்த செமஸ்டரில் சேர்க்கை என்பதைக் கையொப்பமிட்ட கடிதமாக வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சம்மதம் சொன்ன அலுவலர், நீங்கள் இறுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது வேறு பிரிவுக்கு மாறியிருக்கக்கூடும்.