அல்வாவுக்குக் கால் இல்லை

என் லேப்டாப்பில் 'முக்கியம் புதுசு 2' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பத்து வருஷமாக அங்கங்கே பொறுக்கிய புரோகிராம் கோட் துண்டுகள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம்மூர்க் கணக்கில் கமா போட்டுக் காட்ட ஒன்று. வெப்சைட்டுக்குப் புரோகிராம் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரிக்கு நம்பர் 0 என்பதை மறந்து தொலைக்காமல் இருக்க ஒன்று. இன்னொன்றின் தலையில் 'டெலீட் கடைசியில்தான் வரணும்!!!' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஃபைல்களைத் தேடித் தரும் லினக்ஸின் ஃபைண்ட் கட்டளையில் அதை முன்னால் போட்டுவிட்டால், பெயர் என்ன ஏது என்று பார்க்காமல் மொத்த ஃபோல்டரையும் துடைத்துவிடும். அந்த மூன்று ஆச்சரியக்குறிக்குப் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதை விடுங்கள்.

டவுனில் மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். போனில் பார்த்தால் நீளமான பலகாரப் பெயர்கள் கட்டத்தை விட்டு வெளியே வழிந்தன. பெயரை 15 எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைக்கிற துண்டு ஒன்று நம்மிடம் இருக்கிறதே என்று தேட ஆரம்பித்தேன். புதிதாக எழுதினால் ஐந்து நிமிஷம். தேடியது முக்கால் மணி நேரம்.

"அந்தத் துண்டை எங்கதான் வெச்சேனோ" என்று வாய்விட்டுப் புலம்பினேன் போல. அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்: "கொடியில காயுது பாரு!"

கிடைத்தது. ஒட்டினேன். ஆங்கிலப் பெயர் நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதம். தமிழ்ப் பட்டியலை ஏற்றிவிட்டுத் தூங்கிப் போனேன்.

காலையில் அண்ணாச்சி கூப்பிட்டார். "என்னடே இது? கருப்பட்டி அல்வன்னு போட்டிருக்க! காலு எங்க?"

பார்த்தேன். 'கருப்பட்டி அல்வ...' என்றுதான் நின்றது. அதற்கு மேலே 'திருநெல்வேலி அல...'. ஊர்ப் பெயர் முழுசாக இருக்கிறது, அல்வாவைத்தான் காணோம்.

விஷயம் இதுதான். நமக்கு 'வா' ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு வ தனி, துணைக்கால் தனி. 'ல்' என்றால் ல தனி, புள்ளி தனி. 'கருப்பட்டி அல்வா' இடைவெளியோடு சேர்த்து நம் கணக்கில் பத்து, ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் 16. பதினைந்தில் வெட்டினேனா, கடைசிக் கால் போய்விட்டது. அந்தத் துண்டை எழுதிய புண்ணியவான் தமிழை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். நான் மட்டும் என்ன, உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்தா ஒட்டினேன்?

ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இன்ட்ல் செக்மென்டர் என்று ஒன்று இருக்கிறது. அது 'வா'வை வாவாகவே எண்ணும். குரோம் பிரவுசரில் முன்பே உண்டு, ஃபயர்பாக்ஸுக்கு 2024-இல்தான் வந்தது. அதை வைத்துச் சரிசெய்தேன். இத்தனைக்கும், நீளமான பெயரை மடக்க, வெப்சைட்டின் தோற்றத்தைச் சொல்கிற சிஎஸ்எஸ்ஸிலேயே வழி இருக்கிறது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் உறைத்தது. அதையும் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன், எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். அண்ணாச்சி போனை மூக்குக்கிட்ட வைத்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அப்புறம் கிண்டியிறக்கிய அல்வாவைச் சூடாக வாழையிலையில் அள்ளி, மடித்து, தராசில் வைத்தார்.

"இந்தா, கால் கிலோ. வீட்ல போய் காலு இருக்கான்னு எண்ணிப் பாத்துக்கோ."