பேராதனைக்கு வந்த மத்தளம்

யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன எங்களில் பலருக்கு நாடகம் என்றால் மேடை, திரை, பின்னால் கீறித் தொங்கவிட்ட சீன். கூத்தா? அது ஊர்ச் சங்கதி, படித்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் நினைப்பு. அந்த நினைப்பை வளாகத்துக்குள் வைத்தே உடைத்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தைப் போட்டுச் சிங்கள அரங்கைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். தமிழில் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 1962இல் கர்ணன் போர், அடுத்த ஆண்டு நொண்டி நாடகம், பிறகு இராவணேசன், 1968இல் வாலிவதை. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு.

நான் ஆடவில்லை. பிற்பாட்டுக்காரரில் ஒருவன், அதுவும் கடைசி ஆள். பின்னேரம் விரிவுரை முடிந்தால் ஒத்திகை. வகுப்பில் வாயே திறக்காத மட்டக்களப்புப் பெடியன் ஒருவன் அங்கே எங்களுக்கு வாத்தியாராகிவிடுவான். "மச்சான், தாளம் முதல் வாயில வரோணும், அப்பதான் காலுக்குப் போகும்" என்று சொல்லிச் சொல்லியே ஆட்டுவான். யாழ்ப்பாணத்து மிடுக்கு கொஞ்சம் இறங்கியது அந்த ஒத்திகைகளில்தான்.

ஒரு விடுமுறையில் அவனோடு அவன் ஊருக்குப் போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தேன். வட்டக்களரி, அதாவது வட்டமான ஆடுகளம். நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்கிறார், பக்கத்தில் சல்லரி என்ற கைத்தாளம் போடுகிறவர், பாட்டு ஏடு பார்க்கிறவர். கரப்புடுப்பு என்ற விரிந்த கூத்துடை கட்டிய அரசன் அவர்களைச் சுற்றி ஆடி வருகிறான். நாலு பக்கமும் சனம் இருப்பதால் எல்லாப் பக்கமும் முகம் காட்ட வேண்டும். சட்டம் கொடுத்து, அதாவது அவரவர் பாட்டுப் பகுதியை எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் பழகி, சதங்கை கட்டி, அப்புறம்தான் அரங்கேற்றம். ஆடுகிறவன் யாருடைய மகன், யாருடைய மருமகன் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பிழைத்தால் அங்கேயே பகிடி.

பேராதனையில் இதெல்லாம் சுருங்கியது. ஓரிரவுக் கூத்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலமானது. பாட்டுக்காரர் மேடை ஓரத்துக்குப் போனார்கள். ஆட்டம் ஒரு பக்கச் சபைக்குத் திரும்பியது. கூத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். பாதி சரி. களரியின் அந்த உறவுமுறைச் சூடு மேடைக்கு வரவில்லை. ஆனால் கூத்தை இழிவாகப் பார்த்த கூட்டத்தை அவர்கள் பழகிய மேடைக்கு முன்னால் அல்லாமல் வேறெங்கே உட்கார வைத்திருக்க முடியும்? அண்ணாவிமாரைச் சபையில் கூப்பிட்டுக் கௌரவித்ததையும், கூத்து ஏடுகளைத் தேடி அச்சில் ஏற்றியதையும் குறை சொல்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் சங்கத்தில் அந்தக் காலத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். ஒத்திகைப் படம், அழைப்பிதழ், கையால் எழுதிய பாட்டுக் கொப்பி எது இருந்தாலும் செயலாளரிடம் கொடுங்கள். ஸ்கான் செய்து, ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்துக்கு அனுப்பலாம். படத்தின் பின்பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.