நின்ற அலை அறை: வேலைக் குறிப்பேடு

ஜூன் 3

அறையின் உள்ளளவு: நீளம் 7 மீட்டர், அகலம் 6, உயரம் 3.2. நீளவாக்கில் இரு முனைச் சுவர்களும் பூசிய செங்கல். ஒலி மோதித் திரும்ப அதுதான் தோது. போகும் ஒலியும் திரும்பும் ஒலியும் சேர்ந்து சில இடத்தில் ஓங்கியும் சில இடத்தில் அடங்கியும் நிற்பதுதான் நின்ற அலை. ஷட்ஜமும் பஞ்சமமும் விடாமல் ஒலிக்கும், வெளிச்சம் மிக மெதுவாக நிறம் மாறும், அவ்வளவுதான் படைப்பு. நியூயார்க் சர்ச் தெருவில் 1993 முதல் இயங்கும் ‘ட்ரீம் ஹவுஸ்’ என்ற ஒலி–ஒளி அறையும் இதே வழியில் வந்ததுதான். அங்கே சுருதிகள் ஏராளம். அதை அமைத்த லா மான்டே யங், மரியன் ஸஸீலா இருவரும் ஹிந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்தின் சீடர்கள்.

ஜூன் 4

சுருதியை இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அறைதான் சொல்லும். ஒலியின் வேகம் நொடிக்கு 331.3 + (0.606 × வெப்பநிலை) மீட்டர். ஏசியில் 24 டிகிரி என்றால் 345.8. நீளத்தின் இரு மடங்கான 14-ஆல் வகுத்தால் 24.7 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வு. அதன் நான்கு மடங்கான 98.8 ஷட்ஜம், ஆறு மடங்கான 148.2 பஞ்சமம். விகிதம் 2:3, சுத்தமான ச–ப.

முனைச் சுவரிலிருந்து 87 செ.மீ.யில் ஷட்ஜம் அடங்கிப் பஞ்சமம் மட்டும் நிற்கும். 1.75 மீட்டரில் பஞ்சமம் போய் ஷட்ஜம் ஓங்கும். நட்டநடுவில் இரண்டும் முழுசாக. நடப்பவர்தான் வாசிக்கிறார்.

ஜூன் 6

பத்து அங்குல ஸ்பீக்கர் இரண்டு, முனைக்கு ஒன்று, சுவரை ஒட்டி, அகலத்தின் நடுவில். போட்டதும் சப்பென்று இருந்தது: எங்கே நின்றாலும் ஒரே மெலிந்த முனகல். ஒன்றில் சிவப்பு, கறுப்பு ஒயர் மாறியிருந்தது. நான்கு, ஆறு என்ற இரட்டைப்படை மடங்கு அதிர்வுகளுக்கு இரு முனையும் ஒன்றாகத் தள்ள வேண்டும். ஒன்று தள்ள மற்றது இழுத்தால் அடித்துக்கொள்ளும். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இணைப்பைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் போதும். இரண்டு கூம்பும் வெளியே வர வேண்டும்.

மாற்றியதும் அறை எழுந்தது. அடங்கும் இடம் மட்டும் கணக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுகிறது. கதவுப் பக்கத்து ப்ளைவுட் தடுப்பு கொஞ்சம் ஒலியை விழுங்குகிறது. முழு அமைதி எந்த இடத்திலும் கிடைக்காது, எதிர்பார்க்கவும் கூடாது.

ஜூன் 7

ஆறேழு நொடிக்கொரு தடவை ஷட்ஜம் வீங்கி வற்றியது. கேட்க அழகாகவே இருந்தது, ஆனால் நாம் வைத்தது இல்லை. ஏசி போடவில்லை, அறை 30 டிகிரி. சுருதி அதற்கேற்ப 99.85. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் 100-இலும் வரும். இரண்டும் உரசி எழுந்த விம்மல் அது. லேப்டாப் ஒரு போர்டிலும் ஆம்ப் வேறு போர்டிலும் செருகியிருந்ததால் எர்த் வழியாகச் சுற்று உண்டாகியிருந்தது. இரண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்து, சிக்னல் ஒயரில் இரு பக்கத்தையும் மின்தொடர்பு இல்லாமல் பிரிக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டதும் போயிற்று. எர்த் பின்னை வெட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. உயிரோடு விளையாட்டு.

ஜூன் 9

கூரையோரம் சுற்றிலும் 26 மீட்டர் எல்இடி பட்டை, டபிள்யூஎஸ் 2812பி ரகம், மீட்டருக்கு 30 விளக்கு: மொத்தம் 780. ஒன்றுக்கு அதிகபட்சம் 60 மில்லி ஆம்பியர், ஆக 47 ஆம்பியர் வரை போகலாம். 5 வோல்ட் 40 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) இரண்டு. விசிறி சத்தம் போடும் என்பதால் அறைக்கு வெளியே.

ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் கடைசி மீட்டர்களில் வெள்ளை சிவந்துவிடும். வோல்ட் குறையும்போது முதலில் சோர்வது நீலமும் பச்சையும். ஒவ்வொரு 5 மீட்டர் சுருளுக்கும் இரு முனையிலும் ஒயர் சாலிடர் செய்தாயிற்று. பட்டையை இயக்கும் குட்டிக் கணினி இஎஸ்பி32 தரும் சிக்னல் 3.3 வோல்ட், பட்டை கேட்பது 3.5க்கு மேல், நடுவே அதை ஏற்றிக் கொடுக்கும் 74ஏஹெச்சிடி125 சிப் இல்லாவிட்டால் கண்டபடி மினுக்கும்.

ஜூன் 10

மங்கலில் நிறம் படிப்படியாகத் தாவுகிறது. பிரகாசத்தைப் பத்து சதவீதத்தில் வைத்தால் 255 படியில் மிஞ்சுவது 25 தான். நான்கு நிமிட மாற்றத்தில் பத்து நொடிக்கொரு குதி, கண் பிடித்துவிடுகிறது. மென்பொருளில் மல்லுக்கட்டாமல் பட்டை மீது கறுப்பு வலைத்துணி இரண்டு மடிப்பு போட்டு, விளக்கை முழுசாக எரிய விட்டோம். எல்லாப் படியும் திரும்பி வந்தது. பட்டை சூடாகும், அதனால் துணி இரண்டு விரற்கடை விலகி நிற்கிறது. தீப்பிடிக்காத ரகம்தான் வாங்க வேண்டும்.

ஜூன் 12

ஆள் நுழைந்தால் அறை சூடாகும். ஒரு டிகிரிக்கு ஷட்ஜம் 0.17 ஹெர்ட்ஸ் நகர வேண்டும், இல்லையேல் அறையும் சுருதியும் பிரிந்துவிடும். சுவரில் ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி. அது சொல்வதைக் கொண்டு சுருதி நிமிடத்துக்கொரு முறை நகர்கிறது. ஒரே தாவலாக நகர்த்தினால் டிக் என்று கேட்கும், இழைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

ஜூன் 13

ஃபோன் செயலி 55 டெசிபெல் காட்டுகிறதே என்று சத்தத்தைக் கூட்டக் கூடாது. அது காட்டும் ‘ஏ’ அளவுகோல் காதைப் போலக் கனமான ஒலியைக் குறைத்தே எண்ணும், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல் கழித்துத்தான் காட்டும். அப்படிக் கழிக்காத ‘சி’ அளவில் நடுவே 74, போதும். கனமான ஒலி சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டிலும் நின்று கேட்டாயிற்று. இரவு 9.30க்கு டைமர் இருபது நொடியில் ஒலியை இறக்குகிறது. ஆம்பை முதலில் அணைத்து, பிறகுதான் மற்றவை. மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அடிவாங்கும்.