ஏழு நடை: எங்கள் ஊர் மகளிர் மன்றத்தைப் பதிவு செய்த அனுபவம்

சான்றிதழ் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. மூன்று மாதத்தில் ஏழு நடை நடந்து வாங்கியது. ஊரில் சேர்ந்து பழகிக்கொண்டிருக்கும் பெண்கள் யாராவது "நாமும் சங்கமாகப் பதிவு செய்வோமா" என்று யோசித்தால், நாங்கள் பட்ட அலைச்சலில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பழைய மகளிர் மன்றக் கட்டடம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் வெளித்திண்ணையில்தான் ஒன்பது வருடத்துக்கு முன் கூட ஆரம்பித்தோம். முதலில் அம்மன் கோவில் முளைப்பாரிக்குக் கும்மி பழகத்தான் வந்தோம். திருவிழா முடிந்த பிறகும் சனிக்கிழமை சாயங்காலம் வருவது நிற்கவில்லை. அப்புறம் பழைய தையல் மெஷின் இரண்டு வந்தது. பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க ஒருத்தி முன்வந்தாள். சந்தா சேர்த்து அண்டா, குண்டான், ஜமுக்காளம் வாங்கி விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விட்டோம். துக்க வீட்டுக்கு வாடகை கிடையாது, கழுவித் திருப்பித் தந்தால் போதும். இப்போது 34 பேர் இருக்கிறோம், மாதச் சந்தா 30 ரூபாய்.

பதிவு என்ற பேச்சு வந்ததே பணத்தால்தான். மன்றத்துப் பணம் எங்கள் பொருளாளர் மதினியின் சொந்த சேமிப்புக் கணக்கில் இருந்தது. எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. போன வருடம் அவர் பயிர்க்கடன் தவணை தவறியது. வங்கி அந்தக் கணக்கில் இருந்ததை எடுத்துக் கடனுக்கு வரவு வைத்துவிட்டது. அதில் 18,000 ரூபாய் மன்றத்துடையது. மதினி யாரிடமும் சொல்லாமல் கம்மலை அடகு வைத்து முழுத் தொகையையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். வேண்டாம் மதினி, மெதுவாகத் தாருங்கள் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. அன்று வெறும் காதோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு ஒருவருக்கும் மனசு ஆறவில்லை. மன்றத்தின் பேரில் தனிக் கணக்கு வேண்டும் என்று முடிவு செய்தோம். வங்கியில் கேட்டால், சங்கப் பதிவுச் சான்றிதழ் இருந்தால்தான் முடியும் என்றார்கள்.

முதல் நடை முழுக்க வீண். ஒன்றிய அலுவலகத்தில் "பெண்கள் குழுவா? மகளிர் திட்டத்துக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்து பேர் கூலி வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனோம். மகளிர் திட்ட அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க சுய உதவிக் குழு இல்லை" என்றார். சுய உதவிக் குழு என்றால் பொதுவாகப் பத்திலிருந்து இருபது பேர், தவறாத சேமிப்பு, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குவது. அதற்குச் சங்கப் பதிவே தேவையில்லை, நேராக வங்கியில் குழுக் கணக்கு தொடங்கலாம். எங்களிடம் 34 பேர், கடன் கொடுக்கல் வாங்கல் இல்லை. கும்மி, தையல், படிப்பு, பாத்திரம் இவ்வளவுதான். இதற்குச் சங்கங்கள் பதிவுச் சட்டம்தான் பொருந்தும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் எங்களிடம் ஒழுங்காகப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழுவின் சேமிப்புக் கணக்கு தொடங்க எல்லா உறுப்பினர்களின் ஆவணமும் வேண்டும் என்று யாராவது திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். பொறுப்பாளர்களின் ஆவணம் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மகளிர் குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அடமானமும் கேட்கக்கூடாது. பக்கத்து ஊர்க் குழு ஒன்றை இதைச் சொல்லியே பல மாதம் இழுத்தடித்திருக்கிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். செயற்குழுவில் மூன்று பேராவது இருக்க வேண்டும். துணைவிதி, அதாவது சங்கம் எதற்கு, எப்படி நடக்கும் என்ற விதிகளை எழுதி, ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆவணங்களோடு பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சொல்லும்போது இவ்வளவுதான்.

துணைவிதியை நாங்களே எழுதாமல் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்ததுதான் பெரிய தப்பு. அந்தத் தம்பி தன்னிடம் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு சங்கத்தின் துணைவிதியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டான். 14 பக்கம். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோம். இரண்டாம் நடையில் பதிவாளர் அலுவலக எழுத்தர் நான்காம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே "இளைஞர் நற்பணி மன்றம்" என்று இருந்தது. நோக்கங்களில் "உறுப்பினர்களுக்குக் கடன் வழங்குதல்" என்று வேறு ஒரு வரி. நாங்கள் செய்யாத வேலை, இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கவும் கூடாத வேலை. கல்வி, கலை, கைத்தொழில், சமூக சேவை, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று சட்டம் சொல்லும் நோக்கங்களுக்குள் நம் வேலை இருக்க வேண்டும்.

அதே நாளில் மன்றத்தின் பெயரையும் ஏற்க முடியாது என்றார்கள். ஏற்கெனவே பதிவான சங்கத்தின் பெயரோ, அதைப் போலத் தோன்றும் பெயரோ வைக்கக்கூடாது. நாங்கள் வைத்த பெயரில் மாவட்டத்தில் இன்னொன்று இருந்ததாம். ஒன்பது வருடம் கூப்பிட்டுப் பழகிய பெயருக்கு முன்னால் அம்மன் பெயரைச் சேர்த்தோம். விண்ணப்பத்துக்குப் போகும்போதே இரண்டு மூன்று பெயர் யோசித்து வைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்து துணைவிதியை நாங்களே எழுதினோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுத் திருத்தினோம். துக்க வீட்டுக்கு வாடகை இல்லை என்பது அதில் ஒரு விதியாக இருக்க வேண்டும் என்று பெரியம்மா ஒருவர் பிடிவாதமாக நின்றார். இருக்கிறது, ஒன்பதாவது விதி. இந்த மூன்று மாதத்தில் நாங்கள் சந்தோஷமாக இருந்த இரண்டு நாள் அதுதான்.

மூன்றாம் நடையில்தான் எனக்கு அழுகையே வந்தது. கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் நான்கு பேருக்கு அட்டைக்கு அட்டை பெயர் வேறு. ஒரு அக்காவுக்கு ஆதாரில் அப்பா பெயரின் முதலெழுத்து 'மு', வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் முதலெழுத்து 'செ'. இன்னொருவருக்குப் பெயரோடு "அம்மாள்" ஒன்றில் சேர்ந்திருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எழுத்தர் ஏழு நகல்களையும் மேசையில் போட்டு, "முதல்ல நீங்க யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். சுற்றி இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அந்த 'மு' அக்காவுக்கு 58 வயது. நாற்று நட்டே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பஸ்ஸில் வரும்போது முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறந்த வீட்டில் ஓர் எழுத்து, புகுந்த வீட்டில் ஓர் எழுத்து, அட்டை எடுக்க வந்தவர் அவருக்குத் தோன்றியபடி ஓர் எழுத்து. அந்த எழுத்தைப் போடும்போது எங்களை யாரும் கேட்டதில்லை. பிழை என்றால் மட்டும் எங்கள் தலையில்.

இதற்கு நாங்கள் கண்ட வழி: பெயர் பொருந்தும் ஏழு பேரை 34 பேரிலிருந்து தேடி எடுத்தோம். ஆதாரும் வாக்காளர் அட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறவர்கள் எங்களில் 11 பேர்தான் தேறினார்கள். அதில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். 'மு' அக்கா இப்போது ஆதாரில் திருத்தம் கொடுத்திருக்கிறார், அது வந்ததும் செயற்குழுவுக்கு வருவார். நீங்கள் கையெழுத்து வாங்கும் முன்பே எல்லா அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொறுப்பாளர்களுக்கு பான் கார்டையும் சேர்த்துப் பாருங்கள், வங்கியில் அதுவும் கேட்பார்கள்.

நான்காம் நடையில் சங்கத்துக்கு முகவரி ஆதாரம் கேட்டார்கள். பழைய மன்றக் கட்டடத்தின் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். அது ஊராட்சியின் சொத்து, தீர்மானம் போட்டுச் சம்மதக் கடிதம் வேண்டும். ஊராட்சியில் கேட்டால் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். காத்திருக்க முடியாமல் செயலாளர் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வீட்டு வரி ரசீது அவர் கணவர் பேரில். அதனால் அவர் சம்மதக் கடிதம் வேண்டியிருந்தது. அண்ணன் மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தார், அவர் மேல் குறை இல்லை. ஆனாலும் 34 பெண்கள் ஒன்பது வருடம் நடத்திய மன்றத்துக்கு முகவரி என்று வரும்போது, எங்களில் ஒருத்தி பேரிலும் சட்டென்று நீட்ட ஒரு ரசீது இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது. உங்கள் குழுவில் வீடு தன் பேரிலேயே இருக்கும் பெண் இருந்தால் அவரையே செயலாளர் ஆக்குங்கள்.

ஐந்தாம் நடையில் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுமுறை. போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆறாம் நடையில் எழுத்தர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்: கூட்டத் தீர்மான நகலில் பக்க எண் இல்லை. இதை அவர் இரண்டாம் நடையிலேயே சொல்லியிருக்கலாம். அந்தத் தாள் அன்றைக்கும் அவர் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு குறை, மறுதடவை அடுத்த குறை. எங்கள் தலைவி அக்கா அதிகம் பேசமாட்டார். அன்று மேசை முன்னால் போய் நின்று, "சார், இருக்கிற குறை எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுன்னா நாங்க கிளம்புறோம்" என்றார். குரல் உயரவே இல்லை. எழுத்தர் எங்களை ஒருமுறை பார்த்தார், கோப்பைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். "பக்க எண்ணை இங்கேயே பேனாவில் போட்டுக் குடுங்க, போதும்" என்றார். அங்கேயே போட்டோம். மனுவை எடுத்துக்கொண்டார்.

முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். குறை சொல்லித் திருப்பினால் எழுத்தில் கேளுங்கள், தேதியோடு கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

ஏழாம் நடையில் சான்றிதழ் வாங்கினோம். மன்றத்தின் பேரில் பான் எடுத்ததும், வங்கிக் கணக்கு தொடங்கியதும் சிக்கல் இல்லாமல் முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தோம். முதல் வரவு 18,000 ரூபாய். செலுத்துச் சீட்டில் மதினிதான் எழுதினார்.

பதிவு முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் வருடா வருடம் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். செயற்குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, ஆள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பல வருடம் கழித்து அபராதமும் அலைச்சலுமாக நிற்கும் சங்கங்களை அந்த வராந்தாவிலேயே பார்த்தோம். நாங்கள் ஒரு நோட்டில் தேதிகளை எழுதித் தையல் மெஷின் மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. மாட்டத்தான் சுவர் இல்லை, கட்டடம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ஊராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், இந்தத் தடவை பக்க எண்ணோடு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் 34 பேரும் போய்ச் சாவி கேட்கப் போகிறோம்.