இன்னொருவர் விட்டுப்போன புரோகிராம்

மாட்ரிட் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே அந்த பில்லிங் புரோகிராம் என் தலையில் விழுந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஹேண்ட்ஓவர் என்று அவர் வைத்துவிட்டுப் போனது ஒன்றரைப் பக்கம். புரோகிராமில் பெயர்களெல்லாம் ஸ்பானிய மொழியில். 'ஃபாக்தூரா' என்றால் இன்வாய்ஸ் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போனது.

பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். ஒருநாள் சாப்பிட்டு வந்ததும் (அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், எனக்குப் பன்னிரண்டரைக்கே கண் இருட்டும்) ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். "எங்க ஊர் பேண்ட், கேள்."

டார்க் மூர். 2002-இல் வந்த 'தி கேட்ஸ் ஆஃப் ஆப்லிவியன்' ஆல்பம்.

மெட்டல் இசை என்றாலே தொண்டை கிழியக் கத்துவது என்று நினைத்திருந்தேன். இதில் டிரம்ஸ் தறிகெட்டு ஓடுகிறது, அதன் மேல் கூட்டுக்குரல், கீபோர்டில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா, நடுவே எலிசா மார்ட்டினின் கனத்த குரல். சட்டென்று கேட்டால் பாடுவது ஆணா பெண்ணா என்றே சந்தேகம் வரும். அலங்காரம் கொஞ்சம் ஜாஸ்தி, கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி. ஆனால் புரோகிராமில் பிழை தேடும்போது அந்த வேகம் தூக்கத்தை விரட்டியது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது 'டியெஸ் இரே (அமாதேயுஸ்)'. பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையான மொசார்ட்டின் ரெக்வியத்தை வைத்துக் கட்டியது. "மொசார்ட்டே முடிக்காமல் விட்டுப்போன வேலை அது, உன்னுடையது மாதிரி" என்றார் அவர். வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்தேன்.

1791 டிசம்பரில் மொசார்ட் இறந்தபோது, அதில் முழுமையாக முடிந்திருந்தது தொடக்கப் பகுதி மட்டும். 'லாக்ரிமோசா' என்ற பகுதியில் முதல் எட்டு பார்கள்தான், எட்டு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னவரிடமிருந்து மீதிப் பணம் வர வேண்டுமே என்று மனைவி கான்ஸ்டன்ஸே முதலில் ஐப்ளர் என்ற இசையமைப்பாளரிடம் கொடுத்தார். வரும் தவக்காலத்தின் பாதிக்குள் முடித்துத் தருவதாக அவர் கையெழுத்தே போட்டார். நேராக மொசார்ட்டின் கையெழுத்துப் பிரதியிலேயே எழுத ஆரம்பித்து, லாக்ரிமோசா வந்ததும் இரண்டு பார் சேர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம்தான் ஜூஸ்மையர் என்ற இருபத்தைந்து வயதுக்காரர் வந்து முடித்தார். இசை தெரிந்தவர்கள் அவரை இன்றும் திட்டுகிறார்கள். கச்சேரிகளில் பெரும்பாலும் வாசிப்பது அவர் முடித்ததைத்தான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று மேனேஜரிடம் கேட்க இருந்தேன். கேட்கவில்லை. பழையவரின் போக்கிலேயே, ஃபாக்தூராவை ஃபாக்தூராவாகவே விட்டு, நான்கு மாதத்தில் முடித்தேன். ஒட்டுப்போட்ட இடம் தெரியும்தான். இன்வாய்ஸ் சரியாகப் போனது.

அந்த ஆல்பத்துக்குப் பிறகு எலிசா குழுவை விட்டு விலகினார். ஆல்ஃப்ரெட் ரொமேரோ பாட வந்தார், பேண்ட் நிற்கவில்லை. மேசைக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "நல்லாத்தான் பாடுகிறார்" என்பார், ஆனால் எப்போதும் பழைய ஆல்பத்தையே போடுவார்.

நான் கிளம்பும்போது ஏழு பக்கம் ஹேண்ட்ஓவர் எழுதி அவரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "மொசார்ட் இவ்வளவு எழுதவில்லையே" என்றார்.