பைலட் முடிந்தது, பி.ஓ. எங்கே?

தரமணியில் உள்ள ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் இடம் எடுக்கும் கம்பெனி வாடகை கட்டினால் மட்டும் போதாது, கிரெடிட்டும் சேர்க்க வேண்டும். பேராசிரியரிடம் ஆலோசனை பெறுவது, சேர்ந்து ஆராய்ச்சி செய்வது, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பது, ஊழியரை எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க அனுப்புவது எல்லாம் கணக்கில் ஏறும். 2010-இல் திறந்த அந்தப் பூங்காவில் கட்டடங்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இந்த விதிதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1948-லேயே தொழில்துறைத் தொடர்புக்கென்று தனித் திட்டம் தொடங்கி, உறுப்பினர் கம்பெனிகளிடம் கட்டணம் வாங்கும் வழியில் போனது. எப்படியோ பெரிய கம்பெனிகளும், கல்வி நிறுவனத்திலிருந்து கிளம்பும் ஸ்டார்ட்அப்களும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன.

வந்த பிறகுதான் சிக்கல். ஸ்டார்ட்அப்பைக் கூப்பிட்டுப் பேசுவது கம்பெனியின் இன்னோவேஷன் குழு. அவர்கள் கையில் பைலட்டுக்கான, அதாவது சோதனை ஓட்டத்துக்கான, சிறு தொகைதான் இருக்கும். பொருளோடு தினமும் மல்லுக்கட்டப்போவது ஆலை மேலாளர். லைன் நின்றால் அவரைத்தான் கேட்பார்கள். பணம் தரவேண்டிய பர்ச்சேஸ் துறையோ மூன்று வருட ஆடிட் செய்த பேலன்ஸ் ஷீட் கேட்கும். ஸ்டார்ட்அப்பின் வயதே ஒன்றரை வருடமாக இருக்கும். அரசுக் கொள்முதலில் ஸ்டார்ட்அப்களுக்கு முன்னனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்த விதியில் இடமுண்டு. தனியார் கம்பெனிக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால்தான் இலவச பைலட் வேண்டாம் என்கிறேன். ஒரு லட்சம் ரூபாயானாலும் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போட்டே பைலட் நடக்கட்டும். அப்போதுதான் கம்பெனியின் சப்ளையர் பட்டியலில் ஸ்டார்ட்அப்புக்கு வெண்டர் கோடு உருவாகும். ஜி.எஸ்.டி., பான், ரத்து செய்த காசோலை, ஐ.டி. பாதுகாப்புக் கேள்வித்தாள் என்று எல்லாக் காகிதமும் ஆரம்பத்திலேயே நகரும். இலவசமாகச் செய்தால், முடிவு நன்றாக வந்த பிறகு அந்தக் காகிதங்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும். அதற்குள் இன்னோவேஷன் குழுவில் பேசியவர் வேறு பொறுப்புக்குப் போயிருப்பார்.

பைலட்டின் அளவு இன்னொரு பொறி. பம்ப் பழுதாவதை முன்கூட்டிச் சொல்லும் அதிர்வு சென்சாரை எடுத்துக்கொள்வோம். 20 பம்ப், 12 வாரம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பம்பும் சராசரியாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்றால், அந்த 12 வாரத்தில் எதிர்பார்க்கக்கூடியது மொத்தமே இரண்டு பழுது. ஒன்றுகூட வராமலும் போகலாம். பிறகு எதை வைத்து ‘வேலை செய்கிறது’ என்று கையெழுத்துப் போடுவது? அடிக்கடி மக்கர் செய்யும் பம்புகளாகப் பொறுக்க வேண்டும், அல்லது பழைய பதிவுகளில் ஓட்டிக் காட்ட வேண்டும், அல்லது பொய் எச்சரிக்கை வாரத்துக்கு இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று அளவுகோலையே மாற்ற வேண்டும். எந்த எண் வந்தால் அடுத்த ஆர்டர், யார் கையெழுத்து என்பதும் முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

அதே சென்சாரைச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டுபோனால் கதையே வேறு. எரிவாயு கசியக்கூடிய பகுதியில் வைக்கும் மின்கருவிக்கு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் ஒப்புதல் தேவை. ஆய்வக மேசையில் ஓடிய சர்க்யூட் போர்டு அங்கே கேட்டைத் தாண்டாது. ஆலை நெட்வொர்க்கைத் தொடவும் விடமாட்டார்கள். சென்சார் தகவலை வெளியே அனுப்பச் சிம் போட்ட கேட்வே கருவி கொண்டுபோனாலும் ஐ.டி. துறை சம்மதிக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நாளை 12 வாரத்துக்கு வெளியே வையுங்கள்.

காப்புரிமைக்கு வருவோம். கம்பெனி வக்கீல் முதலில் கேட்பது, கல்வி நிறுவனம் ஸ்டார்ட்அப்புக்குக் கொடுத்த உரிம ஒப்பந்தம். அது கையில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே நிற்கும். ‘சேர்ந்து கண்டுபிடித்தோம், கூட்டாக வைத்துக்கொள்வோம்’ என்பது கேட்க இனிக்கும். ஆனால் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே பயன்படுத்தலாம். மூன்றாவது ஆளுக்கு உரிமம் தரவோ தன் பங்கை மாற்றிக் கொடுக்கவோ மற்றவர் சம்மதம் வேண்டும். ஆலை வைத்திருக்கும் கம்பெனிக்கு இது லாபம். உரிமம் விற்றுப் பிழைக்க வேண்டிய ஸ்டார்ட்அப்புக்குக் கைவிலங்கு. உரிமையை ஸ்டார்ட்அப் பக்கமே வைத்து, கம்பெனியின் துறைக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமம் தருவது மேல். ஆய்வுக் கட்டுரை வெளியாகும் முன் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும்; முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் வருடச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டு எந்த ஸ்டார்ட்அப்பும் வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளாது என்பது வேறு விஷயம். 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த வரி மாற்றம்தான் உண்மையில் வேலை செய்கிறது: கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும்வரை கம்பெனி செலவாகக் காட்ட முடியாது. ஆகவே குறு, சிறு நிறுவனம் என்பதற்கான பதிவு எண்ணான உத்யம் எண்ணை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கி, ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள்.

பெரிய கம்பெனி முதலீட்டாளராக வரும் உறவுக்கு, மின்ஸ்கூட்டர் செய்யும் ஏதர் நல்ல பாடம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் 2013-இல் தொடங்கியது. 2016-இல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய் போட்டது. 2022-இல் அதே ஹீரோ ‘விடா’ என்று சொந்த மின்ஸ்கூட்டர் இறக்கியது. பங்குதாரரே போட்டியாளர். ஆனாலும் ஏதர் வடிவமைத்த சார்ஜிங் இணைப்பையே விடாவும் எடுத்துக்கொண்டது. இப்படி நடக்கும் என்று எண்ணியே பங்கு ஒப்பந்தத்தை எழுத வேண்டும். இயக்குநர் குழுவில் உட்காரும் முதலீட்டாளரின் ஆளுக்கு அடுத்த மாடலின் விவரம் எவ்வளவு தெரியலாம் என்று வரையறுங்கள். ‘வேறு யாராவது வாங்க வந்தால் அதே விலைக்கு நாங்கள் எடுப்போம்’ என்ற ஷரத்தை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை இன்னொரு கம்பெனி விலை சொல்லவே யோசிக்கும்.